60,000 ரூபாய்க்குள் முதல் கணினி: நான் படம் வரையணும், தம்பி கேம் ஆடணும்

தூரிகை_நிலா (திருநெல்வேலி)

எல்லோருக்கும் வணக்கம். விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியில்தான் இதுவரை வரைந்து வருகிறேன். 4 ஜிபி ரேம். கிரீட்டா என்ற ஓவிய மென்பொருளில் ஏ4 பக்கம் ஒன்றைத் திறந்து பத்துப் பன்னிரண்டு லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக வரையும் அடுக்கு) போய்விட்டால் பிரஷ் இழுக்க ஆரம்பித்துவிடும். கையை எடுத்த பிறகுதான் கோடு மெதுவாக வந்து சேர்கிறது. இப்போது ஒரு சிறுவர் இதழுக்கு வரைந்து தரும் வாய்ப்பு வந்திருக்கிறது. ஏ3 அளவில், 300 டிபிஐயில் (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) கேட்கிறார்கள். இந்த மடிக்கணினியில் அது நடக்காது.

வீட்டில் 60,000 ரூபாய் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மானிட்டர், பென் டேப்லெட், கீபோர்டு எல்லாம் அதற்குள்ளேயே முடிய வேண்டும். தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான், அவனுக்கு வாலரன்டும் ஜிடிஏ 5-உம் ஓட வேண்டும். பின்னால் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றுக்கொள்ள எனக்கும் ஆசை.

இங்கே ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினோம். கோர் ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), வண்ண விளக்கு போட்ட கேபினெட், 22 இஞ்ச் மானிட்டர். மொத்தம் 38,000. ஐ7-இல் எந்தத் தலைமுறை என்று கேட்டால், "ஐ7 தாம்மா, அதுக்கு மேல என்ன இருக்கு" என்கிறார்கள். மிச்சப் பணத்தில் திரை வைத்த டேப்லெட்டே வாங்கலாம் என்று அப்பா சொல்கிறார். வாங்கலாமா?


சர்வீஸ்_சேகர் (கோவை)

தங்கச்சி, அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காதீர்கள்.

தலைமுறை சொல்லாமல் விற்கும் ஐ7 பெரும்பாலும் ஐ7 2600 ஆகவோ 3770 ஆகவோதான் இருக்கும். முதலாவது 2011இல் வந்தது, அடுத்தது 2012இல். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய டவர்களிலிருந்து கழற்றிய சிப்பை எச்61 என்ற பழைய மதர்போர்டில் பொருத்தி, புதுக் கேபினெட்டில் அடைத்துப் "புது கேமிங் பிசி" என்று விற்கிறார்கள். அதில் இருக்கும் ரேம் டிடிஆர்3. நாளைக்கு வேறு போர்டு வாங்கினால் அந்த 16 ஜிபியும் வீண். 4 ஜிபி கார்டு என்பது அநேகமாக ஜிடி 730. 2014இல் வந்த சாதாரண கார்டு அது. அதில் எத்தனை ஜிபி இருந்தாலும் வேகம் அதிகரிக்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) இரண்டையும் கட்டாயம் கேட்பார்கள். அந்த ஐ7-இல் உங்கள் தம்பி இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வான்.

எந்தக் கடையாக இருந்தாலும் பிராசஸரின் முழு எண், மதர்போர்டின் முழுப் பெயர், எஸ்எம்பிஎஸ் என்ன மாடல், இந்த மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கே வாங்க வேண்டாம்.


பிக்சல்_பாண்டி (மதுரை)

சேகர் அண்ணன் சொன்னதுதான் சரி. அந்த ஐ7-இல் 4 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்). 2022இல் வந்த ஐ3 12100-இலும் அதே 4 கோர், 8 த்ரெட்தான், ஆனால் வேகத்தில் அதை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும். ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்ணை வைத்து எடை போடுவதை முதலில் விட வேண்டும்.

என் யோசனை இது. ஐ5 12400எஃப் அல்லது ரைசன் 5 5600. இரண்டுமே 6 கோர், 12 த்ரெட். கூடவே ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி. 1080பி-யில் (1920 × 1080 பிக்சல் திரை) ஆட இந்த விலைக்கு இதைவிட நல்ல கார்டு கிடைக்காது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050-ஐ நன்றாகவே முந்தும், 132 வாட்தான் இழுக்கும், ஒரேயொரு 8 பின் கேபிள் போதும். மானிட்டரை இப்போதைக்குச் செகண்ட் ஹேண்டில் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். டேப்லெட்டும் சின்னதாக ஒன்று எடுத்தால் 60,000-க்குள் அடக்கிவிடலாம். கார்டு இல்லாமல் கேமிங் பிசி கட்டுவதில் அர்த்தமில்லை.


மைக்கோடு (சென்னை)

பாண்டி தம்பி, நிலா முதலில் கேட்டது வரைவதற்கு. இதழ் வேலை வந்திருக்கிறது, அதில் வருமானமும் வரும். அங்கிருந்து தொடங்குவோம்.

நான் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். கிரீட்டாவோ கிளிப் ஸ்டூடியோவோ, பிரஷ் ஓட்டும் வேலையைப் பெரும்பாலும் பிராசஸரும் ரேமும்தான் செய்கின்றன. கிராபிக்ஸ் கார்டு செய்வது படத்தைத் திரையில் காட்டுவது, பெரிதாக்குவது, திருப்புவது. இதற்கெல்லாம் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் தாராளம்.

ரேம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏ3, 300 டிபிஐ என்றால் 3508 × 4961 பிக்சல், கிட்டத்தட்ட 1 கோடியே 74 லட்சம். பிக்சலுக்கு 4 பைட் வீதம், முழுக்க நிரம்பிய ஒரு லேயருக்கு 70 எம்பி. 40 லேயருக்கு 2.8 ஜிபி. 16 பிட் வண்ணத்துக்குப் போனால் இரட்டிப்பு. கிரீட்டா ஒவ்வொரு லேயரையும் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, வண்ணம் பட்ட கட்டங்களை மட்டும்தான் வைத்துக்கொள்ளும், அதனால் கோட்டு லேயர்கள் குறைவாகவே எடுக்கும். ஆனால் வானம், தரை, நிழல் என்று போடும் லேயர்கள் முழுசாக நிரம்பும். அதன் மேல் அன்டூவுக்கான நினைவு, பக்கத்தில் திறந்து வைத்திருக்கும் மாதிரிப் படங்கள், பிரௌசர், பாட்டு. 8 ஜிபியில் இது மூச்சு முட்டும். 16 ஜிபி இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். 32 வைத்தால் நல்லதுதான், ஆனால் இன்றைக்கே வேண்டியதில்லை.

மானிட்டரைச் "செகண்ட் ஹேண்டில் ஏதாவது" என்று விட்டுவிடாதீர்கள். மலிவான டிஎன் வகைத் திரையில் தலையைக் கொஞ்சம் குனிந்தாலே மேல்பாதி நிறம் ஒன்று, கீழ்பாதி நிறம் ஒன்று. முகத்துக்குப் பூசிய நிறம் நெற்றியில் கருத்தும் தாடையில் வெளுத்தும் தெரியும். எதை நம்பித் திருத்துவீர்கள்? 24 இஞ்ச் ஐபிஎஸ் (கோணம் மாறினாலும் நிறம் அவ்வளவாக மாறாத திரை வகை), 1080பி, எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது வண்ண அளவுகோல்) 99 அல்லது 100 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். சில பெட்டிகளில் "72% என்டிஎஸ்சி" என்று இருக்கும். என்டிஎஸ்சி இன்னொரு வண்ண அளவுகோல், அதில் 72% என்பதும் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிதான். "45% என்டிஎஸ்சி" என்றால் தொடவே வேண்டாம், சிவப்பும் பச்சையும் செத்துப்போய்த் தெரியும். இப்போது வரும் மலிவு ஐபிஎஸ் மானிட்டர்களிலேயே 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் மாறுவது) கிடைக்கிறது, தம்பிக்கும் அது போதும்.

பணத்தை எந்த வரிசையில் போடுவது என்றால் நான் சொல்வது இது: மானிட்டர், பேனா, ரேம், பிராசஸர். கார்டு கடைசி. நல்ல மானிட்டரும் டேப்லெட்டும் இரண்டு மூன்று டவர் மாறினாலும் கூடவே வரும். கார்டுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் பழசாகிப் போகும் பொருள்.


பிக்சல்_பாண்டி

சரி அக்கா, வரைவதைப் பற்றி உங்களோடு வாதாட எனக்குத் தகுதியில்லை. ஆனால் "உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்" என்றதும் எல்லோரும் ரைசன் 5 5600ஜி-யைத்தான் காட்டுவார்கள். அதன் குறைகளையும் நிலா தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

ஜி இல்லாத 5600-இல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவு) 32 எம்பி. 5600ஜி-யில் 16 எம்பிதான். நாளைக்குக் கார்டு போட்டாலும் அந்தக் குறை கேமில் தெரியும். கார்டைப் பிராசஸரோடு இணைக்கும் பிசிஐஇ-யும் பழைய 3.0. உள்ளே இருக்கும் வேகா கிராபிக்ஸை ஏஎம்டி 2023லேயே புது டிரைவர் வரிசையிலிருந்து ஒதுக்கிவிட்டது, அவசியத் திருத்தங்கள் மட்டும் தனியாக வருகின்றன. இன்னொன்று, அந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவு கிடையாது. உங்கள் 16 ஜிபியிலிருந்துதான் 2 ஜிபியோ கூடவோ எடுத்துக்கொள்ளும். நீங்கள் ரேமைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறீர்கள், இது அதிலேயே கை வைக்கிறது.


சர்வீஸ்_சேகர்

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். முடிவு எடுக்க இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது தம்பி என்ன ஆடுகிறான் என்பது. வாலரன்ட் கார்டை அதிகம் கேட்காத கேம், பிராசஸர் நன்றாக இருந்தால் போதும். 5600ஜி-யிலேயே 1080பி-யில் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் அழகாக ஓடும். ஜிடிஏ 5-இன் பழைய பதிப்பும் ஓரளவு அமைப்பில் ஆடும்படி இருக்கும். எல்டன் ரிங், சைபர்பங்க் மாதிரி கேம்கள் வேண்டுமென்றால் பாண்டி சொல்கிற கார்டு இல்லாமல் முடியாது. ஐ5 12400-ஐயும் பார்க்கலாம், எஃப் இல்லாத மாடல். அதற்குள்ளேயும் யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது, வரைய அது போதும், பின்னால் கார்டு போடும்போது 5600ஜி-யை விட நன்றாக ஓட்டும். ஆனால் கார்டு வரும்வரை தம்பியின் கேமுக்கு 5600ஜி-யின் வேகா 7 தான் தெளிவாக மேல்.

இரண்டாவது பிளெண்டர். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் (3டி மாடலை முழுப் படமாக்கும் வேலை) என்விடியா கார்டுகளுக்கான ஆப்டிக்ஸ் நன்றாக வேலை செய்யும். ஏஎம்டி கார்டுகளுக்கு எச்ஐபி என்ற வழியில் 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஆதரவு இருக்கிறது, ஆனால் அதே விலை என்விடியா கார்டு ரெண்டரில் முன்னால் நிற்கும். அதாவது கேமுக்குச் சிறந்த கார்டு ஒன்று, பிளெண்டருக்குச் சிறந்த கார்டு வேறு ஒன்று. தங்கச்சி பிளெண்டரில் உண்மையாகவே இறங்கப் போகிறாரா, தொடக்கப் பயிற்சியில் வரும் டோனட் இரண்டு செய்துவிட்டு மறுபடி கிரீட்டாவுக்கே வந்துவிடுவாரா என்பது போகப் போகத்தான் தெரியும். அது தெரியும் முன்பே பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கார்டில் போடுவானேன்? பிளெண்டரில் மாடல் செய்யக் கற்றுக்கொள்ள 5600ஜி போதும். ரெண்டர் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். இறங்கிவிட்டார் என்றால் 12 ஜிபி இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி ஒன்றை அப்போது பார்க்கலாம். இல்லையென்றால் பாண்டியின் ஆர்எக்ஸ் 6600 இருக்கவே இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் மேசைக்கு வரும் பழுதில் கணிசமான பங்கு இதில்தான் தொடங்குகிறது. கேபினெட்டோடு இலவசமாக வரும் "500 வாட்" பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள், எடையே இருக்காது. அது எரியும்போது சும்மா எரியாது, மதர்போர்டையோ எஸ்எஸ்டியையோ கூட்டிக்கொண்டு போகும். எஸ்எஸ்டி போனால் இதழுக்கு வரைந்த படமும் போனது. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த மாதிரி எஸ்எம்பிஎஸ்ஸில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்காதீர்கள். பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச்சான்று), மூன்று வருடத்துக்குக் குறையாத வாரண்டி. அதில் பிசிஐஇ 8 பின் கேபிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பின்னால் கார்டு போடும்போது மாற்ற வேண்டியதில்லை.


பிக்சல்_பாண்டி

கார்டைத் தள்ளிப்போட பிளெண்டர் ஒரு நல்ல காரணம், அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 5600ஜி வாங்கினால் ரேமை ஒரே குச்சியாக வாங்கக்கூடாது. கடையில் "16 ஜிபி ஒரே குச்சி, பின்னால இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்பார்கள். டிடிஆர்4 3200 ஒரே குச்சியில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு குச்சியில் 51.2 ஜிபி. கார்டு இருக்கும் கணினியில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. 5600ஜி-யில் கிராபிக்ஸும் அதே வழியாகத்தான் மூச்சு விடுகிறது, கேமில் பளிச்சென்று தெரியும். ஆகவே 8 + 8.

அதனாலேயே மதர்போர்டில் ரேமுக்கு நான்கு இடம் இருக்க வேண்டும். ஏ520 போர்டுகள் பலவற்றில் இரண்டு இடம்தான். 32 ஜிபிக்குப் போகும்போது இருக்கும் இரண்டு குச்சியையும் கழற்றி வைக்க வேண்டி வரும். பி550எம்-இல் நான்கு இடம் உள்ளதாகப் பாருங்கள். ஏஎம்4 சாக்கெட் என்பதால் பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றி 5700எக்ஸ் போடவும் வழி இருக்கும்.


தூரிகை_நிலா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்தக் கடைக்குப் போய் எழுதித் தரச் சொன்னோம், பிறகு போன் செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். இதுவரை செய்யவில்லை.

இன்னும் சில கேள்விகள். இணையக் கடையில் "ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, புத்தம் புதுசு" என்று மலிவாகப் போட்டிருப்பதைத் தம்பி காட்டுகிறான். நல்லதா? திரை டேப்லெட் வேண்டாம் என்றால் திரையில்லாததில் எந்த அளவு வாங்குவது? என்னிடம் இப்போது இருப்பது தோழியிடம் இரவல் வாங்கிய சின்ன டேப்லெட். அப்புறம், ரேம் விலை ஏன் இப்படி இருக்கிறது? சீனியர் ஒருவர் 2024இல் வாங்கிய விலையைச் சொன்னார், இப்போது கேட்கும் விலைக்குப் பக்கத்திலேயே இல்லை.


பிக்சல்_பாண்டி

ஆர்எக்ஸ் 580-ஐத் தம்பி விட்டுவிடட்டும். உண்மையான 580 வந்தது 2017இல், அதில் 2304 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகு). இப்போது "புதுசு" என்று வருவதில் பெரும்பாலானவை 2048எஸ்பி என்ற வகை, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570. பழைய சிப்பைப் புதுப் பலகையில் ஒட்டி, புது விசிறி மாட்டி அனுப்புகிறார்கள். டிரைவர் ஆதரவும் வேகா மாதிரியே ஒதுக்கப்பட்டதுதான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யும் வேண்டாம். பிசிஐஇ-யில் நான்கு பாதைதான் அதற்கு. 5600ஜி மாதிரி 3.0-இல் போட்டால் அதுவும் பாதியாகிவிடும்.

பின்னால் செகண்ட் ஹேண்ட் கார்டு எடுப்பதாக இருந்தால் நேரில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்தால், போலி கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டும். அப்புறம் கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் ஓட விட்டு, விசிறிச் சத்தத்தையும் சூட்டையும் கவனியுங்கள். கார்டில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எதிரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி இணைய நாணயம் ஈட்டுவது) நிற்கும்வரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் இன்னும் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, விசிறியும் சூடும் சரியாக இருந்தால் எடுக்கலாம்.


மைக்கோடு

நிலா, இந்தப் பட்ஜெட்டில் திரை டேப்லெட் வாங்கினால் அந்தப் பணம் டவரிலிருந்துதான் போகும். மலிவான திரை டேப்லெட்டின் நிறத்தைவிட நல்ல ஐபிஎஸ் மானிட்டரின் நிறம் மேல். திரையைப் பார்த்துக்கொண்டு மேசையில் கை ஓட்டுவது உங்களுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், கழுத்தும் குனிய வேண்டாம்.

டேப்லெட்டில் எல்லோரும் அழுத்த அளவு (பேனாவின் அழுத்தத்தை எத்தனை படியாக உணரும் என்பது) 2048-ஆ 8192-ஆ என்று பார்க்கிறார்கள். என் கைக்கு அதில் வித்தியாசம் தெரிந்ததில்லை. எவ்வளவு லேசாகத் தொட்டாலே கோடு விழ ஆரம்பிக்கிறது என்பதுதான் முக்கியம், அதைக் கடையில் வரைந்து பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று அகலம். 24 இஞ்ச் மானிட்டரின் அகலம் சுமார் 53 செ.மீ. வேகாம் நிறுவனத்தின் சின்ன டேப்லெட்டான சிடிஎல் 472-இல் வரையும் பரப்பின் அகலம் 15.2 செ.மீ. கை ஒரு செ.மீ. நகர்ந்தால் திரையில் மூன்றரை செ.மீ. நகரும். கையின் சின்ன நடுக்கமும் மூன்றரை மடங்காகும். மடிக்கணினியின் சின்னத் திரையில் இது தெரிந்திருக்காது, புது மானிட்டரில் நீளக் கோடு இழுக்கும்போது கோணிக்கொண்டு போகும். அதே வரிசையில் சிடிஎல் 672-இன் அகலம் 21.6 செ.மீ., இரண்டரை மடங்குக்குள் அடங்கிவிடும். எக்ஸ்பி-பென் டெகோ 01 இன்னும் பெரிது, ஏறக்குறைய 25 செ.மீ., மேசையில் இடம் இருந்தால் அதுவும் நல்லது. இதழ் வேலைக்கு முகம், கை, துணி மடிப்பு என்று வளைகோடுகள் அதிகம் வரும். நடுத்தர அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

டிரைவர் போட்டதும் விண்டோஸில் பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ஒரு வட்டம் சுழன்று, கோடு தாமதமாக விழும். அழுத்தம் வேலை செய்யவில்லை என்றால் கிரீட்டாவின் டேப்லெட் அமைப்பில், பேனாவைப் படிக்கும் இரண்டு முறைகளான வின்டேபுக்கும் விண்டோஸ் இங்குக்கும் மாற்றிப் பாருங்கள்.


சர்வீஸ்_சேகர்

ரேம் விலை 2025 கடைசியிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன, தயாரிப்பாளர்களும் அங்கேதான் லாபம் என்று திரும்பிவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம் கடைகளில் நாம் வாங்கும் க்ரூசியல் ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இறங்கட்டும் என்று காத்திருந்தால் இதழ் வேலை போய்விடும். இப்போதைக்கு 8 + 8 எடுங்கள். வேறு கணினியிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ரேம், ஒரே ஜோடியாக, 3200 வேகத்தில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். மெம்டெஸ்ட் என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பிழையில்லை என்றால் போதும். செகண்ட் ஹேண்டில் நான் பயமில்லாமல் சொல்லும் பாகம் ரேம்தான். எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.


உப்புக்காற்று (தூத்துக்குடி)

இதே பணத்துக்குக் கேமிங் லேப்டாப் பழசு ஒன்று பார்க்கலாமே? கல்லூரிக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.


மைக்கோடு

தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் அதுதான் வழி. ஆனால் அந்த விலை லேப்டாப்புகளின் திரை பெரும்பாலும் நான் மேலே சொன்ன 45% வகை. வண்ணத்துக்கு வெளி மானிட்டர் தனியாக வாங்க வேண்டி வரும். நிலா வீட்டில் உட்கார்ந்து வரையப் போகிறவர். டவரே இருக்கட்டும்.


தூரிகை_நிலா

முடிவு எடுத்துவிட்டோம். ரைசன் 5 5600ஜி, நான்கு ரேம் இடம் உள்ள பி550எம் போர்டு, 8 + 8 டிடிஆர்4, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் பிரான்ஸ், முன்பக்கம் வலை வைத்த கேபினெட், 24 இஞ்ச் ஐபிஎஸ் 100 ஹெர்ட்ஸ், சிடிஎல் 672. கீபோர்டும் மவுஸும் சேர்த்து 60,000-ஐத் தொட்டுவிட்டது. 1 டிபி எஸ்எஸ்டி எடுக்க முடியவில்லை. நானே பொருத்திப் பார்க்கலாமா, கடையிலேயே கொடுத்துவிடவா?


சர்வீஸ்_சேகர்

நீங்களே பொருத்துங்கள், தம்பியையும் கூட உட்கார வையுங்கள். வலை வைத்த கேபினெட் நல்ல தேர்வு, நம் ஊர் மே மாதத்துக்குக் கண்ணாடி முகப்பு ஆகாது. கடையில் ஒரு வேலை மட்டும் செய்து தரச் சொல்லுங்கள்: போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) 5600ஜி-யை ஏற்கும் பதிப்பில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஏற்றித் தரச் சொல்லுங்கள்.

ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும். அதன் ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம் இருக்கிறது, சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் சேர்த்து வைத்தால் தன் எடையிலேயே உள்ளே இறங்கும். அழுத்தவே கூடாது. இறங்கவில்லை என்றால் எடுத்துத் திசை பார்த்து மறுபடி வையுங்கள். கூடவே வரும் கூலர் நான்கு திருகில் நிற்பது, அதற்கு முன் போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது பின்பக்கத் தகடு நழுவும், அடியில் கை கொடுங்கள். கூலரின் அடியில் பேஸ்ட் பூசியே வரும், விரல் படக்கூடாது. திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

போர்டை உள்ளே வைக்கும் முன் போர்டோடு வரும் பின்பக்கத் தகரத்தைக் கேபினெட்டில் அழுத்திப் பொருத்திவிடுங்கள். பிராசஸருக்குப் போகும் 8 பின் கேபிளையும் முதலிலேயே மேல் மூலைக்கு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கை நுழையாது. ரேம் இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் போடுங்கள். "டக்" என்று சத்தம் வர வேண்டும்.

ஓட ஆரம்பித்ததும் பயாஸுக்குள் போய், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை இயக்குங்கள், சில போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும். அதை விட்டுவிட்டால் 3200 ரேம் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும். பாண்டி சொன்ன இரட்டைக் குச்சி பாதிப் பயன்தான் தரும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கத்தில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ்-இல் வையுங்கள். நார்மலில் இருந்தால் கரண்ட் போய் மாறும் இடைவெளியிலேயே கணினி அணைந்துவிடும்.


தூரிகை_நிலா

ஓடுகிறது! நேற்று மாலை பொருத்தி முடித்தோம். எக்ஸ்எம்பி போட்டாகிவிட்டது, 3200 காட்டுகிறது. ஏ3 பக்கத்தில் 30 லேயர் வைத்துப் பெரிய பிரஷ்ஷால் வானம் பூசினேன், இழுக்கவே இல்லை. தம்பி வாலரன்டை விட்டு எழவில்லை.

ஆனால் இரண்டு சிக்கல். கேபினெட்டின் திருகைத் தொட்டால் விரலில் சுரீரென்று இருக்கிறது. டேப்லெட்டில் மெதுவாகச் சாய்கோடு போட்டால் கோடு நடுங்கி நடுங்கி விழுகிறது. கையை மேசையில் ஊன்றி வரைந்தாலும் அப்படித்தான்.


சர்வீஸ்_சேகர்

இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். அந்த பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே போயிருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளும் கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் கேபினெட்டின் தகரம் கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் சுரீர் என்பதோடு நிற்கிறது. அதே இரைச்சல் யுஎஸ்பி வழியாக டேப்லெட்டுக்கும் போகும். பேனாவின் இடத்தைக் காந்தப் புலத்தை வைத்து அளக்கும் கருவி அது, இரைச்சல் இருந்தால் தடுமாறும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்தப் பாயிண்டுக்கு எர்த் இழுக்கச் சொல்லுங்கள். நியூட்ரலை எர்த்தோடு சேர்த்து முறுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அப்படிச் செய்ய விடாதீர்கள், ஆபத்து. எர்த் வரும்வரை கணினியை ஓட்ட வேண்டாம். டேப்லெட்டை முன்பக்க யுஎஸ்பியில் செருகியிருந்தால் பின்பக்கம் போர்டிலேயே இருக்கும் துளைக்கு மாற்றுங்கள்.


தூரிகை_நிலா

சேகர் அண்ணா, எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். நீங்கள் சொன்ன மாதிரியே ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இல்லை. மீட்டர் பலகையிலிருந்து தனி எர்த் ஒயர் இழுத்துக் கொடுத்தார். இப்போது கேபினெட்டைத் தொட்டால் ஒன்றுமில்லை. டேப்லெட்டைப் பின்பக்கம் மாற்றினேன், கோடும் நேராக விழுகிறது.

மைக்கோடு அக்கா, இதழுக்கான முதல் பக்கத்தின் பென்சில் கோடுகள் முடிந்துவிட்டன. அச்சுக்குக் கொடுக்கும்போது நிறம் மங்காமல் இருக்க கிரீட்டாவில் என்ன வண்ண அமைப்பு வைப்பது என்று தனி இழை ஒன்று போடுகிறேன். அங்கே கொஞ்சம் வழிகாட்டுங்கள்.


மைக்கோடு

போடுங்கள் நிலா, வருகிறேன். அதற்கு முன் அந்த அச்சகம் எந்த வண்ண புரொஃபைல் கேட்கிறது என்று இதழ்க்காரர்களிடம் விசாரித்துவிடுங்கள். கோப்பை அன்றன்றைக்குப் பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.